ஒலிக்கருவி விமர்சனத்தோடு அளவீடுகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு ஒலிக்கருவிகள் பற்றி வரும் விமர்சனங்களை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். உயர்தர ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டி.ஏ.சி. (டிஜிட்டல் பதிவை அனலாக் மின்சிக்னலாக மாற்றும் கருவி) பற்றியெல்லாம் தமிழில் விரிவாக எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அப்படியிருக்க ஒரு நாளிதழ் இதற்கென்று பக்கம் ஒதுக்குவது பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு குறை நெடுநாளாக உறுத்துகிறது. கடைசியாக வந்த டி.ஏ.சி. விமர்சனத்தில், பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியதும் திரை விலகியது போல இருந்தது, குரலுக்கு உடம்பு வந்தது, ஒலிமேடை அகலமானது என்று எழுதியிருந்தார் உங்கள் விமர்சகர். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். எந்தச் சூழ்நிலையில் அப்படிக் கேட்டது என்பதுதான் முழுப் பக்கத்திலும் எங்குமே இல்லை. அது தெரியாமல் அந்த வரிகளை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்வார்?

நான் முதலில் தேடியது ஒரே ஒரு தகவலை. இரண்டு கருவிகளின் சத்தத்தையும் சமப்படுத்திவிட்டுத்தான் கேட்டாரா? சாதாரண ஆர்.சி.ஏ. இணைப்பில் டி.ஏ.சி. கருவிகள் பெரும்பாலும் 2 வோல்ட் அளவில் வெளியிடும். சில தயாரிப்புகள் 2.5 வோல்ட் தரும். கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 1.9 டெசிபல். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றினால் புதியது அவ்வளவு சத்தமாகவே பாடும். இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், அரை டெசிபல், ஒரு டெசிபல் என்று சின்ன அளவில் சத்தம் கூடும்போது நம் காது அதைச் சத்தம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. தெளிவு, நெருக்கம், அடர்த்தி என்றுதான் எடுத்துக்கொள்கிறது. சத்தம் கூடக் கூட அடித்தளமும் (பேஸ்) மேல்தளமும் (ட்ரெபிள்) ஒப்பளவில் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது 1933ல் ஃப்ளெட்சரும் மன்சனும் சம ஒலிப்பு வளைகோடுகளை வெளியிட்ட காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆகவே அந்த "உடம்பு" கருவியின் குணமா, வெறும் 2 டெசிபல் வேலையா என்பது உங்கள் கட்டுரையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இதைச் சரிசெய்ய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டு கருவிக்கும் வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்குள் பொருந்துமாறு வைத்தால் போதும், 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். பத்து நிமிட வேலை.

அடுத்தது, எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே கேட்பது. இதைப் பற்றிப் பேசினாலே பல விமர்சகர்களுக்கு வருத்தம் வருகிறது, தங்கள் நேர்மையைச் சந்தேகிப்பதாக நினைக்கிறார்கள். நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1994ல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் 40 பேரை உட்காரவைத்து 4 ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொன்னார்கள், திரைக்குப் பின்னால் வைத்து ஒரு முறை, கண்ணுக்குத் தெரியவைத்து ஒரு முறை. பெரிய, பார்க்க அழகான ஸ்பீக்கர்களுக்குக் கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் ஏறியது. திரைக்குப் பின்னால் நன்றாகவே மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கர் பார்த்ததும் கீழே போனது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும், மறைத்துக் கேட்டபோது அந்த மாற்றத்தைக் கேட்டவர்கள் பிடித்துவிட்டார்கள், பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதாவது கண் திறந்திருக்கும்போது இல்லாத வித்தியாசம் கேட்பது மட்டும் நடப்பதில்லை, இருக்கிற வித்தியாசமும் நழுவிப்போகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் ஒலித்துறையிலேயே வேலை செய்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இசைத்தட்டு உலகத்தில் 2022ல் நடந்ததையும் உங்கள் விமர்சகர் அறிந்திருப்பார். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் வினைல் தட்டுகள் முழுக்க அனலாக் முறையில் தயாரானவை என்றுதான் வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். 2011லிருந்தே அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது அந்த ஆண்டுதான் வெளியே வந்தது. அத்தனை வருடமும் டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கிற தேர்ந்த காதுகள் அந்தத் தட்டுகளை வானளாவப் புகழ்ந்திருந்தன. தட்டுகள் நன்றாக இருந்தது உண்மை. அவை நன்றாக இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு. விமர்சனத்தில் இப்படித் தவறான காரணம் ஒட்டிக்கொள்வதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் வாசகர் அந்தக் காரணத்தை நம்பித்தான் அடுத்த கருவியை வாங்குகிறார்.

இவ்வளவு சொல்வதால் காதை ஒதுக்கிவிட்டு மீட்டரை மட்டும் நம்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டூல் முதலில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும், 1991க்குப் பிறகு ஹார்மனிலும் செய்த வேலையின் மொத்தச் சாரமே, மறைத்துக் கேட்டால் மனிதக் காது ஆச்சரியப்படும் அளவுக்கு நிலையாகத் தீர்ப்புச் சொல்கிறது என்பதுதான். கேட்கும் திறன் நன்றாக உள்ளவர்கள், ஊர் பேர் தெரியாத ஸ்பீக்கர்களுக்கு நடுவில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004ல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை எடுத்து, மறைத்துக் கேட்டவர்கள் தந்த மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்தபோது ஒட்டுறவு 0.86 வந்தது (1 என்றால் முழுப் பொருத்தம்). ரசனை ஆளுக்கு ஆள் வேறு, அதை அளக்கவே முடியாது என்று உங்கள் பக்கத்தில் அடிக்கடி எழுதப்படுகிறதே, ஸ்பீக்கர் விஷயத்தில் அது பெருமளவுக்குச் சரியில்லை. காதும் மீட்டரும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன, கேட்கிற முறையும் அளக்கிற முறையும் ஒழுங்காக இருந்தால்.

எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் செய்யும் தவறும் குறைவில்லை. 1970களில் ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர்கள் ஹார்மோனிக் டிஸ்டார்ஷனை (மூல ஒலியின் மடங்குகளில் கருவி தானாகச் சேர்க்கும் ஒலிகளை) யார் அதிகம் குறைப்பது என்று போட்டி போட்டார்கள், விளம்பரத்தில் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் ஏறிக்கொண்டே போயின. கேட்டவர்கள் சிலர் ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்றார்கள். நிலையான ஒரு சோதனை ஒலியில் எடுக்கும் அளவு, வேகமாக மாறும் ஒலியில் நடப்பதைக் காட்டாமல் போகலாம் என்று ஃபின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டாலா 1970லேயே எழுதினார். எல்லா ஹார்மோனிக்கும் காதுக்கு ஒன்றல்ல என்பதும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, பிபிசியைச் சேர்ந்த ஷார்ட்டர் 1950லேயே மேல்வரிசை ஹார்மோனிக்குகளுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டாவது ஹார்மோனிக்கை மூல ஒலியே பெரும்பாலும் மறைத்துவிடும், ஏழாவது ஒன்பதாவது அப்படி ஒளிந்துகொள்ளாது. முழு வாட்டில் எடுத்த ஒரே ஒரு சதவீத எண், நாம் வழக்கமாகக் கேட்கும் ஒரு வாட்டுக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது.

இன்றைக்கு அந்தப் போட்டி டி.ஏ.சி. பக்கம் வந்திருக்கிறது. இரைச்சலும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து மூல ஒலிக்கு எவ்வளவு கீழே இருக்கின்றன என்று டெசிபலில் ஒரே எண்ணாகச் சொல்லி, 115 எடுத்த கருவி மட்டம், 122 எடுத்தது உசத்தி என்று வரிசை போடுகிறார்கள். சிடியின் 16 பிட்டே சுமார் 96 டெசிபல் இடைவெளியைத் தருகிறது, அப்புறம் அந்த ஒலி போய்ச் சேரும் ஸ்பீக்கர் ஆழமான பேஸில் ஒரு சதவீதம் டிஸ்டார்ஷன் தருவது சர்வசாதாரணம், ஒரு சதவீதம் என்றால் 40 டெசிபல்தான் கீழே. இந்த இடத்தில் 115க்கும் 122க்கும் உள்ள வித்தியாசம் நல்ல பொறியியலின் அடையாளம், பாராட்டலாம், ஆனால் காதுக்கு எட்டும் விஷயம் என்று எழுதினால் அது "திரை விலகியது" என்று எழுதுவதைப் போலவே ஆதாரமில்லாத பேச்சு.

அதனால்தான் எதை அளக்கிறோம் என்பது முக்கியம், என் கருத்தில் உங்கள் பக்கத்தின் பாதி இடம் ஸ்பீக்கருக்கே போக வேண்டும். சங்கிலியில் மிக அதிகமாகப் பிழை செய்வது அதுதான். நேரே முன்னால் மைக் வைத்து எடுத்த ஒரே வளைகோடு போதாது, ஏனென்றால் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டு வருவது. ஆகவே ஸ்பீக்கரைச் சுற்றி 10 டிகிரிக்கு ஒருமுறை, படுக்கைவாக்கில் ஒரு வட்டம், செங்குத்தாக ஒரு வட்டம் என்று 70 அளவுகள் எடுத்து, அதிலிருந்து நேர் ஒலி, முதல் எதிரொலிகள், அறைக்குள் கொட்டும் மொத்த ஒலியாற்றல் என்று சில கோடுகளாகச் சுருக்கித் தருகிறார்கள். சிடிஏ 2034 என்ற தரநிலை சொல்வது இதைத்தான், பேச்சுவழக்கில் ஸ்பின் என்பார்கள். இதைப் படிக்க வாசகருக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்பச் சுலபம். நேர் ஒலியின் கோடு மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், பக்கவாட்டுக் கோடுகள் மேலே போகப் போக மெதுவாகச் சரிய வேண்டும், எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு தெரிந்தால் அது பெட்டியோ கூம்போ தானாக அதிர்வது. தாழ்ந்த ஒலிக்கான வூஃபரிலிருந்து உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கு மாறும் இடத்தில், 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம், நேர் ஒலியின் கோடு ஒழுங்காக இருந்தும் பக்கவாட்டுக் கோடு மட்டும் வீங்கியிருந்தால், அந்த ஸ்பீக்கரில் பெண்குரலும் வயலினும் சற்றே துருத்திக்கொண்டு கேட்கும். உங்கள் விமர்சகர் "நடுத்தளம் கொஞ்சம் முன்னால் வருகிறது" என்று எழுதும்போது இப்படிப்பட்ட ஒன்றைத்தான் பெரும்பாலும் கேட்டிருப்பார், பக்கத்திலேயே அந்தக் கோடும் இருந்தால் அவர் காதின் மேல் வாசகருக்கு எவ்வளவு நம்பிக்கை வரும்!

இப்படி அளக்க எதிரொலியில்லா அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முன்பு அது நியாயமான கேள்வி. இப்போது க்ளிப்பல் நிறுவனத்தின் ஸ்கேனர் சாதாரண அறையிலேயே ஸ்பீக்கரைச் சுற்றி நூற்றுக்கணக்கான புள்ளிகளில் அளந்து, அறையின் பங்கைக் கணக்கால் பிரித்து எடுத்துவிடுகிறது. அது ஒரு பத்திரிகைக்கு மிஞ்சிய செலவு, தெரியும். ஆனால் அளவுத்திருத்தக் கோப்போடு வரும் ஒரு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் இருந்தால், முதல் எதிரொலி மைக்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே பதிவை வெட்டிவிடும் முறையில் கணிசமான அளவுக்குப் போகலாம். எதிரொலி வர 4 மில்லிவினாடி ஆகிறது என்றால் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நம்பலாம், அதற்குக் கீழே மைக்கைக் கூம்புக்கு மிக அருகில் வைத்துத் தனியாக எடுத்து இணைக்கலாம். துல்லியம் குறைவுதான், எந்த முறையில் எடுத்தது என்று ஒரு வரி போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அறையைப் பற்றி உங்கள் கட்டுரைகளில் ஒரு வார்த்தைகூட வராதது எனக்கு நிஜமாகவே புரியவில்லை. ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதைத் தீர்மானிப்பது அறைதான். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை எழும், 68ல் இன்னொன்று, அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாக வேறு. 10 டெசிபல் மேடு, அதைவிட ஆழமான பள்ளம் எல்லாம் சாதாரணம். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் பேஸ் வேறாகிவிடும். விமர்சகர் "பேஸ் இறுக்கமாக இருந்தது" என்கிறார், வாசகர் வீட்டில் அதே ஸ்பீக்கர் ஒரே ஸ்வரத்தில் முழங்குகிறது, இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். அறையின் அளவு, ஸ்பீக்கர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது, எங்கே உட்கார்ந்து கேட்டார், இந்த மூன்றையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட எவ்வளவு இடம் ஆகிவிடும்?

ஆம்ப்ளிஃபயரிலும் அளவீடு காதுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர் சிலவற்றுக்கு ஒரு ஸ்பீக்கரோடு மந்திரம் போட்டதுபோல ஒலி வரும், இன்னொன்றோடு மந்தமாகிவிடும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அது முழுக்க உண்மை, காரணமும் எளிது. அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மாறும் மின்னோட்டத்துக்கு எழும் தடை) 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம் என்று ஏறி இறங்கினால், அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் மட்டும் ஏறக்குறைய 2.7 டெசிபல் வித்தியாசம் விழுந்துவிடும். யாருக்கும் கேட்கக்கூடிய மாற்றம் இது. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் மின்மறுப்புக் கோட்டைப் பிரதியெடுத்து ஒலியில் வரைந்துவிடுகிறது. இரண்டு எண்களையும் ஒரு வளைகோட்டையும் அச்சிட்டால், வாசகர் தன் வீட்டு ஸ்பீக்கருக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் ஒத்துவருமா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வார். அதுபோலத்தான் உணர்திறனும். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 82 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 88 தருவதற்கும் 6 டெசிபல் இடைவெளி, அதே சத்தத்துக்கு முதலாவதுக்கு நாலு மடங்கு வாட் வேண்டும். இந்த எண்ணைத் தயாரிப்பாளர் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல் நீங்களே அளந்து போட்டால் பெரிய உபகாரம்.

கேபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்தடை, மின்கொள்ளளவு, மின்தூண்டல் மூன்றையும் அளந்து போடுங்கள், வித்தியாசம் கேட்டது என்றால் மறைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.

சிடியைவிட உயர்ந்த பதிவுத்தரம் கேட்கிறதா என்ற வாதத்திலும் உங்கள் பக்கம் ஒரு தரப்பை மட்டுமே சொல்கிறது. 2007ல் மேயரும் மோரனும் உயர்தரப் பதிவுகளின் ஒலியைச் சிடி அளவுக்குச் சுருக்கி, சுருக்காததோடு மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள், 554 முயற்சிகளில் 276 சரி, நாணயம் சுண்டிப்போட்ட கணக்கு. 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் மொத்தமாக 52.3 சதவீதம் சரி என்று வந்தது, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் தெளிவாக. ஆக, வித்தியாசம் ஒருவேளை உண்டு, மிகச் சின்னது, அதைக் கேட்கப் பயிற்சி வேண்டும். இதையே நேராக எழுதினால் இரண்டு தரப்பு வாசகரும் உங்களை மதிப்பார்கள்.

இசை உணர்வுக்கு உரியது, அதைக் கிராஃப் தாளில் அடைக்க முடியாது என்று விமர்சகர் ஒருமுறை எழுதியிருந்தார். இசை உணர்வுக்கு உரியது என்பதில் எனக்கும் அவருக்கும் துளி வேறுபாடு கிடையாது, ஒரு நல்ல பாட்டில் கண் கலங்குகிறவன்தான் நானும். ஆனால் அந்தக் கண்ணீரைத் தந்தவர் பாடியவர். ஆம்ப்ளிஃபயரின் வேலை, பாடியவர் செய்ததைக் கெடுக்காமல் கொண்டுவந்து சேர்ப்பது. கெடுக்கிறதா இல்லையா என்பது அளக்கக்கூடிய கேள்வி. பாட்டுக்கு உரிய பாராட்டைக் கருவிக்குக் கொடுக்கும்போது நாம் இசையையும் சரியாகப் பேசவில்லை, கருவியையும் சரியாகப் பேசவில்லை.

நடைமுறைக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் பத்திரிகை 1989லிருந்து விமர்சனத்தோடு அளவீடுகளையும் வெளியிடுகிறது. அங்கே கேட்டு எழுதுகிறவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர், எழுதுகிறவர் தன் கட்டுரையை முடிக்கும்வரை அளவுகளைப் பார்ப்பதில்லை. சில நேரம் இரண்டும் முட்டிக்கொள்ளும், அதையும் அப்படியே அச்சிடுகிறார்கள், வாசகர் தானே முடிவு செய்துகொள்கிறார். அந்த முட்டலை மறைக்காமல் வெளியிடும் துணிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் விமர்சகர் தொடர்ந்து தன் பாணியிலேயே எழுதட்டும், நன்றாக எழுதுகிறார், அந்த எழுத்தை நீக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கால்பக்கம் அளவுக்கு வேறொருவர் எடுத்த அளவுகளைப் போடுங்கள். கருவி விலைக்கு வாங்கியதா, தயாரிப்பாளர் கொடுத்தனுப்பியதா, திருப்பிக் கொடுத்தாயிற்றா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்றால், சத்தத்தைச் சமப்படுத்துவதிலிருந்து தொடங்கலாம். அந்த டி.ஏ.சி. இன்னும் விமர்சகரிடம் இருக்கிறது என்றால், வோல்டேஜைப் பொருத்திவிட்டு, எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாதபடி வேறு யாரையாவது மாற்றச் சொல்லி, 16 முறை கேட்கட்டும். குருட்டாம்போக்கில் 12க்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான், ஆகவே 13 வந்தால் வித்தியாசம் கேட்கிறது என்று தாராளமாக எழுதலாம், நானும் நம்புவேன். முடிவு எப்படி வந்தாலும் அதை அடுத்த இதழில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்